கவுண்டிக்கு வரும் விவசாய மானியம்: யார் பெயரில், எந்தக் கணக்கில்?

கேள்வி இது: அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு கிராமப்புற கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர் விவசாய மானியம் போனதாக ஒரு பட்டியல் காட்டுகிறது. அடுத்தடுத்த நிலக்காரர்களில் ஒருவருக்குப் பெரிய தொகை, மற்றவருக்கு ஒன்றுமே இல்லை. சிகாகோவில் குடியிருக்கும் ஒருவர் பெயரும் அதில் இருக்கிறது. இது எப்படி?

சுருக்கமாகச் சொன்னால், அந்தப் பணத்தில் பெரும்பகுதி இந்த ஆண்டு யார் என்ன விதைத்தார், யாருக்கு எவ்வளவு நட்டம் என்று பார்த்துத் தரப்படுவதில்லை. நிலத்தின் பழைய பதிவையும் கவுண்டியின் சராசரியையும் பார்த்துத் தரப்படுகிறது. பட்டியலில் தெரியும் முரண்களில் முக்கால்வாசிக்கு இதுதான் காரணம்.

முதலில், கொடுப்பது யார்? கவுண்டி நிர்வாகம் இல்லை. அது சாலை போடும், நில வரி வாங்கும். மானியத்தில் அதற்கு வேலை கிடையாது. கொடுப்பது மத்திய அரசு. அமெரிக்க வேளாண் துறையின் கீழ் எஃப்எஸ்ஏ என்று அழைக்கப்படும் பண்ணைச் சேவை முகமை இருக்கிறது. நாடு முழுக்க 2,100-க்கு மேற்பட்ட கவுண்டி அலுவலகங்கள் அதற்கு உண்டு. அயோவாவில் பரப்பளவில் மிகப் பெரிய கவுண்டியான கொசூத்தில் என்றால், அதன் தலைநகரான அல்கோனாவில் அந்த அலுவலகம். பெரும்பாலான ஊர்களில் மண் பாதுகாப்புத் துறையும் அதே கட்டடத்தில்தான் இருக்கும். பணம் 1933-ல் தொடங்கிய சரக்குக் கடன் கழகத்தின் கணக்கிலிருந்து நேராக வங்கிக்கு வருகிறது.

அலுவலகத்துக்கு மேலே விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு கவுண்டிக் குழு உண்டு. 3 முதல் 11 உறுப்பினர்கள், மூன்றாண்டுப் பதவி, நவம்பரில் தபாலில் வாக்குச்சீட்டு. விலையையோ விகிதத்தையோ மாற்ற இந்தக் குழுவால் முடியாது. தாமதமாக வந்த மனுவை ஏற்பதா, மனுதாரர் உண்மையிலேயே விவசாயம் செய்கிறாரா என்பன போன்றவற்றில் முடிவு சொல்வது இவர்கள்தான். யாருக்கு யார் சொந்தம் என்று எல்லாருக்கும் தெரிந்த ஊரில் இது சின்ன அதிகாரம் இல்லை.

பேஸ் ஏக்கர்

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. எஃப்எஸ்ஏ ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் எண் தருகிறது. பண்ணைக்குள் துண்டுகள், துண்டுக்குள் வயல்கள். எல்லாம் வான்வழிப் படத்தின் மேல் கோடு போட்டு வரையப்பட்டிருக்கும். அந்தப் பண்ணை எண்ணோடு "மக்காச்சோளம் இத்தனை பேஸ் ஏக்கர், சோயா இத்தனை பேஸ் ஏக்கர்" என்று ஒரு பதிவு இருக்கிறது. மானியம் அந்தப் பதிவுக்குத்தான். வயலில் இப்போது நிற்கும் பயிருக்கு இல்லை.

இந்தப் பதிவு பல அடுக்காக வந்தது. 1996 சட்டம் மானியத்தை விதைப்பிலிருந்து பிரித்தது. 2002 சட்டம் சோயா போன்ற எண்ணெய் வித்துகளையும் சேர்த்து, 1998 முதல் 2001 வரை விதைத்த சராசரியை வைத்துப் பதிவைப் புதுப்பிக்க விட்டது. 2014 சட்டம் மொத்த ஏக்கரைக் கூட்டாமல், 2009–2012 விதைப்பின்படி பயிர்களுக்குள் மாற்றிப் பிரித்துக்கொள்ள மட்டும் அனுமதித்தது. 2018 சட்டம், 2009 முதல் 2017 வரை முழுக்கப் புல்லாகவே கிடந்த பண்ணைகளுக்குப் பணத்தை நிறுத்தியது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், 2019–2023 விதைப்பை வைத்து நாடு முழுக்க 3 கோடி ஏக்கர் வரை புதிய பேஸ் சேர்க்க வழி திறந்திருக்கிறது.

ஒவ்வொரு முறையும் அப்போதைய நில உரிமையாளர் ஏதோ ஒரு முடிவு எடுத்தார், அல்லது படிவத்தைத் திரும்பிப் பார்க்காமல் விட்டார். 2002-ல் அப்பா புதுப்பிக்காமல் விட்டதற்கு இன்று மகன் விலை கொடுப்பது சாதாரணம். ஒரே மண், ஒரே மழை, வேலியின் இரு பக்கமும் ஒரே ரகம். ஒரு பக்கம் 150 ஏக்கரில் 140 பேஸ், மறுபக்கம் 150-ல் 60 பேஸ் என்று இருக்கலாம். நிலம் விற்கும்போது பேஸ் நிலத்தோடு போய்விடும், விற்றவரோடு போகாது. அதனால் அங்கே நிலம் வாங்கப் போகிறவர் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்பே எஃப்எஸ்ஏ-156இஇசட் என்ற பண்ணைப் பதிவேட்டு நகலைக் கேட்பார். பேஸ் ஏக்கர், பயிர்வாரியாகப் பதிந்த விளைச்சல், ஈரநிலக் குறிப்பு எல்லாம் அந்த ஒரே தாளில் இருக்கும்.

இரண்டு சின்ன விதிகள். பண்ணைகள் எல்லாம் சேர்த்து 10 பேஸ் ஏக்கரோ அதற்குக் குறைவோ இருந்தால் பணம் கிடையாது. புதிதாக விவசாயத்துக்கு வந்தவர், முன்னாள் படைவீரர், வருமானம் குறைந்தவர் போன்றோருக்கு விலக்கு உண்டு. பேஸ் உள்ள நிலத்தில் காய்கறி, பழம் ஓரளவுக்கு மேல் போட்டால் தொகை குறையும். அயோவாவில் இதில் சிக்குபவர்கள் பெரும்பாலும் பூசணி, இனிப்புச் சோளம் போடுகிறவர்கள்.

பிஎல்சி: விலை விழுந்தால்

பேஸ் ஏக்கர் மேல் ஓடும் திட்டங்கள் இரண்டு. ஒன்று பிஎல்சி, அதாவது விலை இழப்புக் காப்பு. சட்டம் ஒவ்வொரு பயிருக்கும் ஒரு ரெஃபரன்ஸ் விலை வைக்கிறது. நாடு முழுவதுக்குமான ஆண்டுச் சராசரிச் சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசம் கிடைக்கும். மக்காச்சோளத்துக்குப் புஷலுக்கு 3.70 டாலராக இருந்ததை 2025 சட்டம் 4.10 ஆக்கியது, சோயா 8.40-லிருந்து 10.00, கோதுமை 5.50-லிருந்து 6.35. ஒரு புஷல் மக்காச்சோளம் 56 பவுண்டு, ஏறத்தாழ 25.4 கிலோ. முந்தைய ஆண்டுகளில் சந்தை நன்றாக இருந்திருந்தால் ரெஃபரன்ஸ் விலை தானாகவே கொஞ்சம் ஏறும். சட்டத்தில் உள்ள விலையில் 115 சதவீதம்தான் அதன் உச்சவரம்பு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 100 மக்காச்சோள பேஸ் ஏக்கர், பதிவேட்டில் விளைச்சல் ஏக்கருக்கு 150 புஷல், ரெஃபரன்ஸ் விலை 4.10, ஆண்டுச் சராசரி விலை 3.80 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.30, ஏக்கருக்கு 45 டாலர். ஆனால் 100 ஏக்கருக்கும் தரமாட்டார்கள், 85-க்குத்தான். ஆக 3,825 டாலர். அதிலிருந்து பட்ஜெட் வெட்டு 5.7 சதவீதம் கழியும். கைக்கு வருவது சுமார் 3,607 டாலர். வங்கியில் வந்த தொகை தன் கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்று அலுவலகத்துக்குப் போன் போடுகிறவர்களில் பெரும்பாலோர் மறந்திருப்பது இந்த 85-ஐயோ 5.7-ஐயோதான்.

பதிவேட்டில் உள்ள விளைச்சலும் பழைய எண். வயலில் இன்று 210 புஷல் எடுத்தாலும் பதிவில் 150 என்றால் 150-க்குத்தான் பணம். அந்த 100 ஏக்கர் முழுவதிலும் இந்த ஆண்டு சோயா நின்றாலும் மக்காச்சோள விலைதான் கணக்கு.

ஏஆர்சி: கவுண்டிக் கோடு இங்கேதான் வெட்டுகிறது

இரண்டாவது ஏஆர்சி, அதாவது விவசாய இடர்க் காப்பு, குறிப்பாக அதன் கவுண்டி வகை. இது வருமானத்தைப் பார்க்கிறது. உங்கள் வருமானத்தை இல்லை, கவுண்டியின் வருமானத்தை. கடந்த ஐந்து ஆண்டுகளின் கவுண்டி விளைச்சலில் மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு மீதி மூன்றின் சராசரி. விலைக்கும் அப்படியே. இரண்டையும் பெருக்கினால் அடிப்படை வருமானம். அதில் 86 சதவீதம்வரை இருந்த உத்தரவாதத்தை 2025 சட்டம் 90 ஆக்கியது. ஓர் ஏக்கருக்கு அதிகபட்சத் தொகையை அடிப்படை வருமானத்தில் 10 சதவீதத்திலிருந்து 12 ஆக்கியது.

கணக்குக்காக எடுத்த எண்கள்: அடிப்படை விளைச்சல் 190 புஷல், அடிப்படை விலை 4.80 டாலர். அடிப்படை வருமானம் 912, உத்தரவாதம் 820.80. இந்த ஆண்டு கவுண்டிச் சராசரி 180 புஷல், விலை 4.10 என்றால் வருமானம் 738. குறைவு 82.80, உச்சவரம்பான 109.44-க்குள் அடங்குகிறது. 85 சதவீதம் எடுத்தால் பேஸ் ஏக்கருக்கு 70.38 டாலர், வெட்டுக்கு முன்.

இப்போது சாலைக்கு அந்தப் பக்கம் அடுத்த கவுண்டி. அடிப்படை அதேதான், ஆனால் இந்த ஆண்டு சராசரி 202 புஷல். 202-ஐ 4.10-ஆல் பெருக்கினால் 828.20. உத்தரவாதத்தைவிட 7.40 டாலர் அதிகம். பணம் பூஜ்யம். சாலையை ஒட்டி இரு பக்கமும் நிலம் வைத்திருக்கும் ஒரே ஆளுக்கு ஒரு பண்ணையில் 100 பேஸ் ஏக்கருக்குச் சுமார் 7,000 டாலர் வரும், எதிர்ப் பண்ணையில் ஒன்றும் வராது. ஆலங்கட்டி மழையில் தன் வயல் மட்டும் அழிந்தவருக்கும், கவுண்டிச் சராசரி நன்றாக இருந்தால், இந்தத் திட்டத்தில் ஒன்றும் இல்லை. கவுண்டியே காய்ந்த ஆண்டில் பள்ளத்து நிலத்தில் நல்ல விளைச்சல் எடுத்தவருக்கு முழுத் தொகை. இதைக் கேட்டால் அநியாயமாகத் தோன்றும். தனி ஆளின் நட்டத்தைப் பார்ப்பது பயிர்க் காப்பீட்டின் வேலை, இது அதற்கு மேலே போட்ட அடுக்கு என்பதுதான் சட்டம் எழுதியவர்களின் பதில். அந்தப் பதில் ஓரளவுக்குத்தான் சரி. கவுண்டிச் சராசரியில் பணம் வருகிறவருக்குக் காப்பீட்டிலும் வரலாம். இரண்டிலும் விட்டுப்போகிறவரும் இருக்கிறார்.

கவுண்டி விளைச்சல் எண் எங்கிருந்து வருகிறது என்பதும் பெரிய சண்டையாக இருந்தது. 2014 சட்டத்தில் புள்ளியியல் துறையின் மாதிரிக் கணக்கெடுப்புக்கே முதலிடம். பதில் எழுதியவர்கள் குறைவாக இருந்த கவுண்டிகளில் எண் கிடைக்காமல் வேறு மூலத்துக்குப் போனார்கள். அக்கம்பக்கத்துக் கவுண்டிகள் வெவ்வேறு மூலத்தில் நின்றதால் தொகைகள் முன்னுக்குப் பின் ஆயின. 2018 சட்டம் காப்பீட்டு விளைச்சல் தரவுக்கு முன்னுரிமை தந்தது. பண்ணையின் கோப்பு எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ அந்தக் கவுண்டியின் எண்ணை எடுக்காமல், நிலம் எங்கே கிடக்கிறதோ அந்தக் கவுண்டியின் எண்ணையே எடுக்க வேண்டும் என்றும் மாற்றியது. பழைய பட்டியல்களைப் புதியவற்றோடு ஒப்பிடும்போது இது நினைவில் இருக்கட்டும்.

பிஎல்சியா ஏஆர்சியா என்று பயிர்வாரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2025 பயிருக்கு மட்டும் எது அதிகமோ அதைத் தருவதாகச் சட்டமே சொல்லிவிட்டது. பொதுவாகச் சொன்னால், விலைதான் விழும் என்று நினைப்பவர் பிஎல்சி. மழை நம்பமுடியாத, விளைச்சல் மேலும் கீழும் ஆடும் கவுண்டியில் ஏஆர்சி. ஒரே பண்ணையில் மக்காச்சோளத்துக்கு ஒன்று, சோயாவுக்கு ஒன்று என்று பிரித்து வைப்பவர்கள் நிறைய.

ஆண்டு ஓட்டம்

அயோவாவில் பயிர்நிலக் குத்தகை மார்ச் 1 அன்று மாறும். முடித்துக்கொள்வதாக இருந்தால் முந்தைய செப்டம்பர் 1-க்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். மானியப் பதிவுக் கெடு வழக்கமாக மார்ச் 15. 2025-ல் ஏப்ரல் 15 வரை நீட்டினார்கள். இந்த இரண்டு வாரம்தான் தகராறு கிளம்பும் காலம். பழைய குத்தகைதாரர் ஜனவரியிலேயே கையெழுத்துப் போட்டிருப்பார், நிலம் கைமாறியிருக்கும், புதியவர் "ஏற்கெனவே பதிவாகிவிட்டது" என்ற நம்பிக்கையில் இருந்துவிடுவார். அந்தப் பயிராண்டில் நிலத்தில் பங்கு உள்ளவர் கையெழுத்து இல்லையென்றால் ஒப்பந்தம் நிற்காது.

புதிதாக வருகிறவரிடம் முதலில் கேட்கும் தாள்கள்: ஆளின் விவரத்துக்கு ஏடி-2047, யார் நிலம், யார் உழைப்பு, யார் முதலீடு என்று சொல்லும் பண்ணை இயக்கத் திட்டம் சிசிசி-902, கூட்டு நிறுவனம் என்றால் உறுப்பினர் பட்டியல் சிசிசி-901, வருமான வரம்புக்குச் சிசிசி-941, மண், ஈரநிலப் பாதுகாப்புக்கு ஏடி-1026, வங்கிக் கணக்குப் படிவம். குத்தகைச் சீட்டு நகல் வேண்டும். வாய்மொழிக் குத்தகை என்றால் உரிமையாளரின் கையெழுத்தோடு ஒரு தாள்.

பிறகு விதைப்பு முடிந்ததும் ஏக்கர் அறிக்கை, எஃப்எஸ்ஏ-578. நம்மூர் அடங்கல் போன்றது. எந்த வயலில் என்ன பயிர், எத்தனை ஏக்கர், எந்தத் தேதியில் விதைத்தது, யாருக்கு எத்தனை பங்கு என்று. வித்தியாசம் என்னவென்றால், அதிகாரி வந்து எழுதமாட்டார். விவசாயி போய் அறிவித்துக் கையெழுத்திட வேண்டும். அயோவாவில் மக்காச்சோளம், சோயாவுக்குக் கெடு ஜூலை 15. பேஸ் ஏக்கருக்குத்தானே பணம், விதைத்ததை எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டால் அங்கேயே மானியம் நின்றுவிடும். பண்ணையின் பயிர்நிலம் முழுவதையும் அறிவிப்பது ஒப்பந்த நிபந்தனை. காப்பீட்டு முகவரிடம் 152.3 ஏக்கர், இங்கே 148.9 ஏக்கர் என்று சொன்னால் இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று ஒப்பிட்டுக் கொடி தூக்கும். முகவரிடம் போகும்போதும் எஃப்எஸ்ஏ வரைபடத்தின் ஏக்கரையே எடுத்துக்கொண்டு போவது நல்லது. டிராக்டரின் ஜிபிஎஸ் காட்டும் எண்ணைச் சொல்லிவிட்டு ஆகஸ்டில் திருத்தம் போடுகிறவர்கள் எல்லா ஆண்டும் உண்டு.

பணம் எப்போது வரும்? மக்காச்சோளத்துக்குச் சந்தை ஆண்டு செப்டம்பரிலிருந்து ஆகஸ்ட் வரை. 2024-ல் அறுத்த பயிரின் சராசரி விலை 2025 ஆகஸ்டுக்குப் பிறகுதான் முடிவாகும். பணம் 2025 அக்டோபரில். அறுவடைக்கும் காசுக்கும் நடுவே ஓர் ஆண்டு இடைவெளி. விலை விழுந்த ஆண்டின் கடனை அடைக்க இந்தப் பணம் உதவாது. அதனால்தான் வங்கிக்காரர் பண்ணைக் கடன் கொடுக்கும்போது இதை வரவில் உறுதியாக எழுத விடமாட்டார்.

யார் பெயரில்

சிகாகோ முகவரிக்கு வருவோம். ரொக்கக் குத்தகை என்றால் ஆபத்து முழுக்கக் குத்தகைதாரருடையது, மானியமும் முழுக்க அவருக்கே. விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு விட்டிருந்தால், பாதிக்குப் பாதி என்றால், மானியமும் பாதி. சிகாகோவில் இருக்கும் உரிமையாளர் வாரத்துக்கு விட்டிருக்கலாம். அல்லது நிலத்தைக் கீழே சொல்லும் சிஆர்பி என்ற நிலப் பாதுகாப்புத் திட்டத்தில் போட்டிருக்கலாம். ரொக்கக் குத்தகையில் உரிமையாளருக்கு ஒன்றும் போகவில்லை என்று நினைக்க வேண்டாம். பேஸ் அதிகம் உள்ள நிலத்துக்கு ஏக்கருக்கான வாடகையைக் கூட்டித்தான் கேட்பார்கள். பட்டியலில் குத்தகைதாரர் பெயர் இருக்கும். பணத்தில் ஒரு பங்கு வாடகையாக நகர்ந்திருக்கும்.

ஏஆர்சி, பிஎல்சி சேர்த்து ஓர் ஆளுக்கு ஆண்டு உச்சவரம்பு 1,25,000 டாலராக இருந்தது. 2025 பயிருக்கு அது 1,55,000 ஆனது. கணவன், மனைவி இருவரையும் தனித்தனி ஆளாக எடுத்துக்கொள்ளலாம், ஆக 3,10,000. பொதுக் கூட்டாண்மையில் எத்தனை கூட்டாளிகளோ அத்தனை வரம்பு. கம்பெனியாக இருந்தால் முன்பு ஒரே ஒரு வரம்பு. 2025 சட்டம் வரியை உறுப்பினர்களுக்கே கடத்தும் சில வகைக் கம்பெனிகளையும் கூட்டாண்மை போலப் பார்க்கச் சொல்லிவிட்டது. ஒவ்வொருவரும் "தீவிரமாக விவசாயத்தில் ஈடுபட்டவர்" என்று காட்ட வேண்டும்: முதலோ நிலமோ கருவியோ ஒரு பக்கம், உழைப்போ நிர்வாகமோ மறுபக்கம். உழைப்புக்கு ஆண்டுக்கு 1,000 மணி நேரம் போன்ற அளவுகோல் உண்டு. நிர்வாகத்துக்கு அவ்வளவு கறாரான அளவு இல்லாததால் ஓட்டையும் அங்கேதான். 2018 சட்டம் ஒன்றுவிட்ட சகோதரர், அண்ணன் தம்பி பிள்ளைகள்வரை குடும்பம் என்று விரித்துவிட்டது. தெற்கு மாநிலங்களில் ஒரு பண்ணைக்கு அடியில் கிளை கிளையாகக் கம்பெனிகளைத் தொங்கவிட்ட அமைப்புக்கு "மிசிசிப்பி கிறிஸ்துமஸ் மரம்" என்றே பெயர் வந்தது. 2008 சட்டம் பணத்தை நான்கு அடுக்கு உரிமைவரை தோண்டிப் போய் ஆளின் பேரில் எழுதச் சொன்ன பிறகு அந்தத் தந்திரம் குறைந்தது, தீர்ந்துவிடவில்லை.

வரிப் படிவத்தில் வரும் சரிசெய்த மொத்த வருமானத்தின் மூன்றாண்டுச் சராசரி 9,00,000 டாலரைத் தாண்டினால் தகுதி போகும். சிசிசி-941 அதற்குத்தான். அதில் கையெழுத்திட்டால் வருமான வரித் துறையிடம் சரிபார்க்க அனுமதி தந்ததாக அர்த்தம்.

சிஆர்பியும் வறட்சிப் பணமும்

1985-ல் தொடங்கிய சிஆர்பியில் அரிக்கும் நிலத்தை 10 முதல் 15 ஆண்டு பயிரிடாமல் புல், மரம் வளர்க்க ஆண்டு வாடகை. ஆளுக்கு 50,000 டாலர் உச்சவரம்பு, அக்டோபரில் வரும். கவுண்டியின் பயிர்நிலத்தில் கால் பங்குக்கு மேல் இதில் சேர்க்கக்கூடாது என்பது பொது விதி. இல்லாவிட்டால் விதை, உரக் கடைகளும் தானியக் கிடங்கும் படுத்துவிடும். இதில் நடக்கும் தப்பு பெரும்பாலும் ஒன்றே: பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று பறவைகள் கூடுகட்டும் பருவத்தில், அயோவாவில் மே 15 முதல் ஆகஸ்ட் 1 வரை, புல்லை வெட்டிவிடுவது. ஒப்பந்தத்தை நடுவில் முறித்தால் அதுவரை வாங்கிய வாடகை முழுவதையும் வட்டியோடு திருப்ப வேண்டும்.

மேய்ச்சல் பகுதிகளில் நிலைமை வேறு. வியாழன்தோறும் வெளியாகும் வறட்சி வரைபடத்தில் கவுண்டியின் ஒரு மூலை தொட்டாலே போதும், கவுண்டி முழுக்கத் தகுதி. இரண்டாம் நிலை வறட்சி தொடர்ந்து எட்டு வாரம் இருந்தால் ஒரு மாதத் தீவன உதவி என்றிருந்தது. இப்போது நான்கு வாரத்துக்கு ஒரு மாதம், எட்டில் ஏழு வாரம் என்றால் இரண்டு மாதம். கோடு இரண்டு மைல் தள்ளி நின்றால் பக்கத்துக் கவுண்டிக்காரர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பட்டியலில் சில ஆண்டுகள் மட்டும் மலைபோல எழும்பி நிற்கும். அவை அவசரத்துக்கு வந்த தொகைகள். சீனாவோடு வர்த்தகச் சண்டை வந்த 2018-ல் சோயாவுக்குப் புஷலுக்கு 1.65 டாலர், மக்காச்சோளத்துக்கு ஒரு சென்ட். அந்த ஒரு சென்ட் பற்றி அயோவாவில் இன்னும் கேலி பேசுவார்கள். 2019-ல் பயிரைப் பார்க்காமல் கவுண்டிக்கு ஒரே விகிதம்: ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர்வரை. 2024 பயிருக்கான உதவியில் மக்காச்சோளம் ஏக்கருக்கு 42.91, சோயா 29.76. இவை எதுவும் பேஸுக்கு இல்லை. 2018-ல் விளைந்த புஷலுக்கு, மற்ற இரண்டும் விதைத்த ஏக்கருக்கு, எஃப்எஸ்ஏ-578-ல் உள்ள எண்ணை வைத்து. பேஸே இல்லாதவருக்கும் வந்தது. ஏக்கர் அறிக்கையை ஒழுங்காகக் கொடுத்து வந்தவர்களுக்கு 2025-ல் மனுவே நிரப்பப்பட்டுத் தபாலில் வந்தது.

எங்கே சறுக்குகிறது

அதிகம் அடிபடுவது ஏடி-1026-ல். 1985 டிசம்பர் 23-க்குப் பிறகு ஈரநிலத்தை வடித்துப் பயிர்நிலமாக்கியிருந்தால், அந்தப் பண்ணைக்கு மட்டுமில்லை, அந்த ஆளுக்கு நாட்டில் எங்கே நிலம் இருந்தாலும் மானியம் நிற்கும். 2014-லிருந்து காப்பீட்டு பிரீமியச் சலுகையும் போகும். வடக்கு அயோவாவில் மண்ணுக்கடியில் வடிகால் குழாய் போடுவது அன்றாட வேலை. பழைய குழாயைப் பழுது பார்ப்பதற்கும் புதிதாக ஆழமாகப் போடுவதற்கும் நடுவே கோடு மெல்லியது. குழி தோண்டும் ஆளுக்கு நாள் குறிப்பதற்கு முன்பே புதிய ஏடி-1026 கொடுத்து, மண் பாதுகாப்புத் துறையின் எழுத்து முடிவு வந்த பிறகு தோண்ட வேண்டும். முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம். அறுவடை முடிந்து மண் உறையும்வரை உள்ள சின்ன இடைவெளியில்தான் குழாய் போட முடியும் என்பதால் பொறுமை இல்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்தது இறப்பு. உரிமையாளரோ குத்தகைதாரரோ இறந்தால் அவர் கையெழுத்தும் அதிகாரப் பத்திரமும் அன்றோடு செல்லாது. வாரிசுகள் இறந்தவர் விட்டுப்போன சொத்தின் (எஸ்டேட்) பெயரில் வரி எண் வாங்கி, நீதிமன்றம் தந்த நிர்வாகி ஆவணத்தோடு வரவேண்டும். அதுவரை தொகை தொங்கும். பாகப்பிரிவினை ஆகாமல் பல வாரிசுகளிடம் இருக்கும் நிலத்துக்கு, 2018 சட்டத்துக்குப் பிறகு மாற்று ஆவணங்களை வைத்தும் பண்ணை எண் வாங்கலாம். தெற்கில் கறுப்பின விவசாயக் குடும்பங்கள் பலவற்றுக்கு இது முக்கியமான கதவு.

வரிப் பாக்கியோ அரசுக் கடன் பாக்கியோ இருந்தால் மானியத்தில் பிடித்துக்கொள்வார்கள். கம்பெனி பெயர் வரித் துறைப் பதிவில் ஒன்று, இங்கே ஒன்று என்று ஒரு காற்புள்ளி மாறியிருந்தாலும் கணினி தள்ளும்.

தள்ளுபடிக் கடிதம் வந்தால் 30 நாள். அதற்குள் கவுண்டிக் குழுவிடம் மறுபரிசீலனை, மாநிலக் குழுவிடம் மேல்முறையீடு, அல்லது அலுவலகத்தோடு தொடர்பில்லாத தேசிய மேல்முறையீட்டுப் பிரிவு என்று வழி உண்டு. அலுவலகம் சொன்ன தவறான தகவலை நம்பி நடந்ததால் நட்டம் என்றால் நியாய நிவாரணம் கேட்கலாம். ஆனால் சொன்னதற்குச் சான்று வேண்டும். ஒவ்வொரு முறை போகும்போதும் எதற்கு வந்தோம், என்ன சொன்னார்கள் என்று எழுதிய ரசீது கேட்டு வாங்குங்கள். 2014 சட்டப்படி கொடுத்தாக வேண்டும்.

ஜனவரியில் 1099-ஜி தாள் வரும்; மானியம் முழுக்க வருமானம், பண்ணை வரவு-செலவுப் படிவத்தில் காட்ட வேண்டும். சிஆர்பி வாடகைக்குச் சுயதொழில் வரியும் உண்டு; சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாங்குபவருக்கு அது மட்டும் விலக்கு.

கடைசியாக அந்தப் பட்டியலைப் பற்றி. அதில் இருப்பது பணம் போன ஆண்டு. பயிராண்டு அதற்கு முந்தையதாக இருக்கும். பொதுக் கூட்டாண்மையின் பெயரில் தெரியும் பெரிய எண்ணை உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்காமல் "ஒருவருக்கு இவ்வளவா" என்று சொல்ல முடியாது. 2008 சட்டத்தின் 1619-ஆம் பிரிவு வயல் வரைபடம், பயிர் விவரங்களை வெளியிடத் தடை போட்டாலும் மானியத் தொகையை மறைக்கவில்லை; பட்டியல் வெளியே தெரிவது அதனால்தான். பயிர்க் காப்பீட்டில் அரசு கட்டும் பிரீமியப் பங்கு மட்டும் ஆள்வாரியாக எங்கும் வராது. சராசரியாகப் பிரீமியத்தில் பாதிக்கு மேல் அரசு கட்டுகிறது, அதற்கு ஆள் உச்சவரம்பும் கிடையாது. கவுண்டி மொத்தமாக மட்டும் அந்த எண்ணைக் காப்பீட்டை நடத்தும் இடர் மேலாண்மை முகமை வெளியிடுகிறது. கவுண்டிக்கு உண்மையில் வந்தது எவ்வளவு என்று பார்க்க அதையும் இந்தப் பட்டியலோடு கூட்டிக்கொள்ளுங்கள்.